கைனேஸ் எதிர்ப்பொருள்: பெயரை எப்படி வைப்பது?

அன்புடையீர்,

கைனேஸ் என்பது பிற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி. அதில் போய் ஒட்டும் ஆய்வகப் புரதத்தை (ஆன்டிபாடி) 'கைனேஸ் எதிர்ப்பொருள்' என்றே கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்ற முன்மொழிவு எனக்கு உடன்பாடில்லை. 'எதிர்' என்று வந்தாலே எதையோ முறியடிக்கும் பொருள் என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். இமாட்டினிப் போன்ற புற்றுநோய் மருந்துதான் கைனேஸின் வேலையை நிறுத்துகிறது. அதற்குத் 'தடுப்பான்' என்ற நல்ல சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வகக் குப்பியில் இருப்பது வேறு. செல்களைச் சிதைத்து, புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றிய பிறகுதான் அந்தக் கரைசலை ஊற்றுகிறோம். அதற்குள் கைனேஸ் மடிப்புக் குலைந்து செயலிழந்துவிடும். தடுக்க அங்கே எதுவும் மிச்சமில்லை. எதிர்ப்பொருள் கைனேஸில் போய் ஒட்டி, அது இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். எனவே 'கைனேஸ் காண் எதிர்ப்பொருள்' என்பேன். 'கைனேஸ்காட்டி' சுருக்கமாக இருந்தாலும், நிறங்காட்டியோடு குழம்பும்.

கைனேஸையே 'பாஸ்பேட்டேற்றி' ஆக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பாஸ்பாரிலேஸை என்ன செய்வீர்கள்? அதுவும் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதிதான். கைனேஸ் அதை ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறிலிருந்து எடுக்கிறது, பாஸ்பாரிலேஸ் கனிமப் பாஸ்பேட்டிலிருந்து எடுக்கிறது. பிஷரும் கிரெப்ஸும் 1992இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வின் நாயகனே பாஸ்பாரிலேஸ் கைனேஸ். அதைப் 'பாஸ்பேட்டேற்றிப் பாஸ்பேட்டேற்றி' என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். மனிதரிடம் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. கைனேஸ் கைனேஸாகவே இருக்கட்டும்.

உண்மையான சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது. ஒரே கைனேஸுக்கு இரண்டு எதிர்ப்பொருள்கள் வாங்குகிறோம். ஈ.ஆர்.கே.யை எடுத்துக்கொள்வோம். சீரம் (வளர்ச்சிக் காரணிகள் கொண்ட இரத்தத் தெளிநீர்) இல்லாமல் வைத்த செல்கள் ஒரு பக்கம், வளர்ச்சிக் காரணி கொடுத்துச் சில நிமிடங்களில் எடுத்த செல்கள் மறுபக்கம். முதல் எதிர்ப்பொருள் இரண்டு பக்கமும் 44, 42 கிலோடால்டன் எடையில் ஒரே அடர்த்தியில் இரு பட்டைகளைக் காட்டும். இரண்டாவது, சீரம் இல்லாத பக்கம் மங்கலாகவோ வெறுமையாகவோ விட்டுவிட்டு, மறுபக்கம் மட்டும் கருக்கும். அது (44 கிலோடால்டன் வடிவத்தின் அமினோ அமில வரிசை எண்படி) 202ஆம் திரியோனினிலும் 204ஆம் டைரோசினிலும் பாஸ்பேட் ஏறிய ஈ.ஆர்.கே.யைத்தான் பிடிக்கும்.

இந்த இரண்டாவதை 'செயலூக்கக் கைனேஸ் எதிர்ப்பொருள்' என்று சிலர் எழுதுகிறார்கள். ஈ.ஆர்.கே.க்கு அது பொருந்திவிடுகிறது, அதனால்தான் ஆபத்து. ஜி.எஸ்.கே.-3 பீட்டா என்ற கைனேஸில் 9ஆம் செரினில் பாஸ்பேட் ஏறினால் செயல் குறைகிறது. அங்கே இந்தப் பெயர் அப்பட்டமான பொய். 'பாஸ்பேட் எதிர்ப்பொருள்' என்றாலும் சரிவராது. டைரோசினில் பாஸ்பேட் ஏறிய பற்பல புரதங்களைப் பொதுவாகப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் தனியே இருக்கின்றன. நம்முடையதோ பாஸ்பேட்டோடு அக்கம்பக்கத்து அமினோ அமிலங்களையும் சேர்த்தே அடையாளம் காண்கிறது. பாஸ்பேட் ஏறாத வடிவத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளும் உண்டு. பீட்டா கேட்டெனின் என்ற புரதத்துக்கு அப்படியொன்று புழக்கத்தில் இருக்கிறது. அதையும் உள்ளடக்கும் பெயர் வேண்டும்.

என் முன்மொழிவு: பாஸ்பேட் ஏறியதா ஏறாததா என்று பார்த்து ஒட்டுவது 'நிலைசார் எதிர்ப்பொருள்', பாராமல் ஒட்டுவது 'நிலைசாரா எதிர்ப்பொருள்'. எந்த நிலை, எந்த இடம் என்பது பெயருக்கு முன்னால் வரட்டும்: 'ஜி.எஸ்.கே.-3 பீட்டா, பாஸ்பேட் செரின் 9, நிலைசார் எதிர்ப்பொருள்'. 'மொத்த ஈ.ஆர்.கே.' என்ற இப்போதைய வழக்கை விட்டுவிடலாம். மொத்தம் என்பது அளவைச் சொல்லும் சொல். எதிர்ப்பொருளின் குணத்தை அது சொல்வதில்லை.

'நிலை' என்பது திண்மம், நீர்மம் போன்ற பருப்பொருள் நிலைகளோடு மோதும் என்று வேதியியல் நண்பர்கள் கருதினால், 'ஏற்றநிலைசார்' என்று நீட்டவும் எனக்குத் தடையில்லை.