கைப்பிரதி கொடுக்காதவன்மேல் இரத்தப்பழியா?

கடுகுவிதை:
மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் சபையில் எசேக்கியேல் 3-ஆம் அதிகாரத்திலிருந்து செய்தி. துன்மார்க்கனை நீ எச்சரிக்காவிட்டால் அவன் இரத்தப்பழியை உன் கையிலே கேட்பேன் என்ற பகுதி. ஆராதனை முடிந்ததும் வாசலில் மற்றவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஆளுக்கு ஐம்பது நற்செய்திக் கைப்பிரதிகள் கொடுத்தார்கள். வாங்கிப் பையில் போட்டேன். இன்றுவரை ஒன்றுகூடக் குறையவில்லை.

நேற்று அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பர் பேனா தேடி என் பையைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டை எடுத்து, "இதெல்லாம் என்ன?" என்றார். "யாரோ கொடுத்தார்கள்" என்று சொல்லிவிட்டேன். சொல்லி வாய் மூடவில்லை, இயேசுவை மறுதலித்த பேதுருவுக்குக் கூவிய சேவல் என் காதுக்குள்ளும் கூவிவிட்டது.

விசுவாசத்தைப் பிறரிடம் சொல்வது ஒவ்வொரு கிறிஸ்தவனுக்கும் கடமையா, அதற்கென்று அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமா? கடமைதான் என்றால், எனக்கு அது ஏன் வட்டிக்கடன் போலக் கனக்கிறது?

தெருமுனைச்சாட்சி:
தம்பி, இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊழியத்தில் இருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: கடமைதான், எல்லாருக்கும்தான். "அது அப்போஸ்தலருக்குச் சொன்னது, நமக்கல்ல" என்ற சாக்கு மிகப் பழையது. இங்கிலாந்தில் செருப்புத் தொழிலாளியாக இருந்து போதகரான வில்லியம் கேரி 1792-இல் ஒரு சிறுநூல் எழுதி அதற்குப் பதில் சொல்லிவிட்டார். சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்று இயேசு மத்தேயு 28-இல் தரும் கட்டளை அப்போஸ்தலரோடு முடிந்தது என்றால், அதிலேயே இருக்கிற ஞானஸ்நானமும் அவர்களோடு முடிந்திருக்க வேண்டுமே என்று கேட்டார். "உலகத்தின் முடிவுபரியந்தம்" கூட இருப்பேன் என்ற வாக்கு மட்டும் நமக்கு எப்படி வந்தது? ஆறுதலை வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் திருப்பி அனுப்புகிறோம்.

அப்போஸ்தலர் 8-ஐயும் படியுங்கள். உபத்திரவம் வந்தபோது அப்போஸ்தலர்கள் எருசலேமில் தங்கிவிட்டார்கள். சிதறி ஓடிய சாதாரண விசுவாசிகள்தான் போன இடமெல்லாம் பிரசங்கித்தார்கள். அவர்களில் யார் வேதாகமக் கல்லூரியில் படித்தவர்?

சந்தேகத்தோமா:
கேரியின் வாதத்தை நான் மறுக்கவில்லை. எசேக்கியேலை இந்தத் தம்பியின் கழுத்தில் கட்டியதைத்தான் மறுக்கிறேன். ஒரு வசனம் மேலே போனால் தெரியும்: எசேக்கியேலைக் காவலாளனாக வைத்தது இஸ்ரவேல் வம்சத்தாருக்கு. தேவனை அறிந்தும் விலகிய சொந்த ஜனத்துக்கு, ஒரு தீர்க்கதரிசிக்குக் கிடைத்த நியமனம் அது. அதை அலுவலக மேசைவரை இழுத்துவந்து மிரட்டினால், கைப்பிரதி கொடுப்பவன் எதிரில் இருப்பவனுக்காகவா கொடுப்பான்? தன் கையைக் கழுவிக்கொள்ளத்தான் கொடுப்பான். இயேசுவைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்த பிலாத்துவும் அதைத்தான் செய்தான்.

சாதாரண விசுவாசிக்குப் பேதுரு சொல்வது வேறு. உங்களிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள். கேட்கிற யாவருக்கும். கேட்காதவனைத் துரத்திப் பிடிக்கச் சொல்லவில்லை. நற்செய்தியை எப்போதும் அறிவியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் சொற்களைப் பயன்படுத்துங்கள் என்றாரே அசிசியின் பிரான்சிஸ்!

தெருமுனைச்சாட்சி:
கேட்கும்வரை காத்திருக்கலாம் என்கிறீர்கள். கேள்விப்படாதவர்கள் எப்படி விசுவாசிப்பார்கள் என்று ரோமர் 10-இல் பவுல் கேட்கிறார். காதில் விழாத ஒன்றைப் பற்றி ஒருவன் எப்படி விசாரிப்பான்? "வாழ்ந்து காட்டுகிறேன்" என்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதே அடக்க ஆராதனையில்தான் அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவரும்.

கற்சாடி:
குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் கத்தோலிக்கப் பெண். தோமா அண்ணன் காட்டிய மேற்கோள் பிரான்சிஸின் எழுத்துகளில் எங்கும் இல்லை. அவர் உண்மையில் எழுதியது அதைவிட நன்றாக இருக்கிறது. 1221-இல் தம் சகோதரர்களுக்கு வகுத்த ஒழுங்கில், இஸ்லாமியர் நடுவே போகிறவர்களுக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறார். ஒன்று, வாக்குவாதமோ சச்சரவோ செய்யாமல், கடவுளுக்காக எல்லா மனிதருக்கும் பணிந்து வாழ்ந்து, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்று ஒப்புக்கொள்வது. மற்றொன்று, கடவுளுக்கு அது விருப்பம் என்று காணும்போது இறைவார்த்தையை அறிவிப்பது.

வாய் திறக்காத மனிதர் அல்ல அவர். 1219-இல், சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, எகிப்தின் டாமியட்டா அருகே சுல்தான் அல்-காமிலை நேரில் போய்ப் பார்த்தார். சுல்தான் மதம் மாறவில்லை. வந்தவரை உயிரோடு திருப்பி அனுப்பினார்.

முதல் வழியிலும் "கிறிஸ்தவர் என்று ஒப்புக்கொள்வது" இருக்கிறது, பாருங்கள். கடுகுவிதை, நீங்கள் தவறியது கைப்பிரதியில் அல்ல, அங்கேதான். உங்கள் நண்பர் பேதுரு சொன்னபடியே விசாரித்துக் கேட்டிருக்கிறார்!

வழிப்போக்கன்:
நான் கிறிஸ்தவன் அல்ல. இரண்டு நாட்களாக ஓசையில்லாமல் படித்துக்கொண்டிருந்தேன். கைப்பிரதி என்னை ஒருபோதும் புண்படுத்தியதில்லை. வேண்டாமென்றால் மடித்துப் பையில் வைத்துவிடுவேன். புண்படுத்தியது வேறு. எனக்கு ஒரு நண்பர் இருந்தார். இரண்டு ஆண்டுகள் வாரம் தவறாமல் அழைப்பார். என் மகளின் தேர்வு தேதிகூட அவருக்கு நினைவிருக்கும். ஒருநாள் தம் சபைக்கு அழைத்தார். ஆர்வமில்லை என்று பணிவாகவே சொன்னேன். மறுவாரம் அழைப்பு வரவில்லை. பிறகும் வரவே இல்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் நான் அவருக்கு யார் என்பதை இன்றுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆட்களை விசுவாசத்துக்குக் கொண்டுவருவதை "ஆத்தும ஆதாயம்" என்று நீங்கள் சொல்வது இதைத்தானா?

தெருமுனைச்சாட்சி:
ஐயா, அது ஊழியம் அல்ல, வலைவீச்சு. அந்த நண்பருக்காக நான் வெட்கப்படுகிறேன். ஆனால் ஒருவர் செய்ததை வைத்து எல்லாரையும் அளக்காதீர்கள். கேரி 1793-இல் வங்காளம் வந்தார். அவர் ஊழியத்தில் முதல் வங்காளியாகக் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். ஆதாயம் பார்க்கிறவர் ஏழு ஆண்டுகள் இப்படி உட்கார்ந்திருப்பாரா?

வழிப்போக்கன்:
அந்தத் தச்சர் தோள் பிசகி வந்தபோது கேரியின் தோழரான மருத்துவர்தான் வைத்தியம் பார்த்தார் என்று படித்திருக்கிறேன். தோளைச் சரிசெய்தது தோளுக்காகவா?

சந்தேகத்தோமா:
இதுவரை இங்கே எழுதப்பட்டதிலேயே நல்ல கேள்வி இது. எனக்குத் தெரிந்த அளவுகோல் லூக்கா 17-இல் இருக்கிறது. பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், ஆனால் அவர்களுடைய குஷ்டத்தைத் திருப்பி அனுப்பவில்லை. ஒன்பது பேர் திரும்பாமல் போகும் மருத்துவமனையை நடத்த மனம் இருந்தால் நடத்தட்டும்.

2011-இல் வத்திக்கான் தரப்பும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உலக நற்செய்தியாளர் கூட்டமைப்பும் சேர்ந்து ஓர் ஒழுங்குமுறை வெளியிட்டன. இந்த மூவரையும் ஒரே தாளில் பார்ப்பதே அபூர்வம். சேவையில் பண ஆசை உட்பட எந்த ஆசையும் காட்டக்கூடாது, ஏமாற்றுவதும் வற்புறுத்துவதும் நற்செய்திக்கே துரோகம் என்கிறது அது. சாட்சி சொல்வதை மூவரும் கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தெருமுனை ஐயா விடமாட்டார்.

தெருமுனைச்சாட்சி:
விடமாட்டேன். கட்டளை கட்டளைதான்.

சந்தேகத்தோமா:
எது கட்டளை என்பதிலும் நம் மொழி ஒரு வேலை செய்திருக்கிறது, ஐயா. நம் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 28-இன் அந்த வாக்கியம் "புறப்பட்டுப்போய்", "சீஷராக்கி", "ஞானஸ்நானங்கொடுத்து" என்று எச்சமாகவே ஓடி, "உபதேசம்பண்ணுங்கள்" என்று முடிகிறது. தமிழில் முற்று கடைசியில்தானே வரும்! அதனால் நம் காதில் தங்குவது உபதேசம். கிரேக்கத்தில் ஏவல்வினை ஒன்றே ஒன்றுதான்: சீஷராக்குங்கள். போவதும் கொடுப்பதும் உபதேசிப்பதும் அதைச் சார்ந்தவை. சீஷனை ஐந்து நிமிடத்தில் உருவாக்க முடியாது. இயேசு தம்முடைய பன்னிரு சீஷரோடு எத்தனை காலம் நடந்தார், சாப்பிட்டார், பொறுத்துக்கொண்டார்!

கற்சாடி:
கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணை மறந்துவிட்டீர்கள். அவர் கையில் பிரதியும் இல்லை, பயிற்சியும் இல்லை. குடத்தைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு ஊருக்குள் போனார். "வந்து பாருங்கள்" என்றார். அடுத்து, "அவர் கிறிஸ்துதானோ?" என்று கேள்வியாகத்தான் முடித்தார். ஊரார் தாங்களே வந்து பார்த்தார்கள்.

தெருமுனைச்சாட்சி:
போனார் என்பதைக் கவனியுங்கள், சகோதரி. யாராவது வந்து விசாரிக்கட்டும் என்று கிணற்றடியில் உட்கார்ந்திருக்கவில்லை.

கற்சாடி:
சரி, அவர் போனது உங்கள் பக்கம். கேள்விக்குறி எங்கள் பக்கம்.

கடுகுவிதை:
எல்லாருக்கும் நன்றி. இன்று மதியம் நண்பரிடம் சொன்னேன்: "அன்றைக்குப் பொய் சொன்னேன். அந்தக் கட்டு என்னுடையதுதான். கொடுக்கப் பயமாக இருந்தது."

அவர் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்காமலே, "தெரியும். யாரோ கொடுத்திருந்தால் ஒன்றுதானே இருக்கும்? ஐம்பதா இருக்கும்?" என்றார். பிறகு, என்ன பயம் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி இரண்டரை ஆகிவிட்டது. கட்டு இன்னும் பையில்தான் இருக்கிறது, ஐம்பதும் அப்படியே.

தெருமுனைச்சாட்சி:
நாற்பத்தொன்பது ஆகட்டும், தம்பி. ஜெபிக்கிறேன்.