புதுப்பிப்பு: மாட்டுங்கா வீட்டு எண்ணெய் வண்ண ஓவியத்தில் இருப்பது எந்த ஆறு?

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலுள்ள எண்ணெய் வண்ண ஓவியத்தில், சரக்குப் படகுகள் நிற்கும் ஆற்றங்கரையில் இரண்டு புகைபோக்கிகளுடன் தெரியும் ஆலை எது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஹூக்ளிக் கரைச் சணல் ஆலை என்றே பலர் கருதினீர்கள். லண்டன் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பாட்டர்சீ மின்நிலையம் என்ற ஒருவரின் ஊகமே சரியாயிற்று. அங்கே நான்கு புகைபோக்கிகள் அல்லவா என்ற ஐயத்துக்கும் விடை கிடைத்தது: 1935இல் நிறைவடைந்த முதற்கட்டத்தில் இரண்டுதான் இருந்தன, இன்றைய நான்கு புகைபோக்கி வடிவம் 1955இல்தான் முழுமையடைந்தது. ஆயினும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பின்னுள்ளவை மறைந்துவிடும் என்பதால், இதை மட்டும் வைத்து ஓவியத்தின் காலத்தை நான் கணிக்க மாட்டேன்.

எதிர்பாராத திருப்பம், வார்னிஷை முதலில் கவனிக்கச் சொன்னவரின் யோசனையால் வந்தது. ஓவியப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் பஞ்சு சுற்றிய குச்சியால் ஓரத்தில் சோதித்துவிட்டு, மஞ்சளேறிய பூச்சை மெல்ல நீக்கியதும், செங்கல் என்று நாங்கள் எண்ணியிருந்த புகைபோக்கிகள் வெளிறிய கான்கிரீட்டாகவும், அழுக்குப் பழுப்பாக இருந்த புகை வெண்மையாகவும் தெரிந்தன. அந்நிலையம் புகையை ஆற்றுநீரால் கழுவிய பின்னரே வெளியேற்றியது. வெண்புகைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். கையொப்பம் மட்டும் எங்கும் தென்படவில்லை.