ஊதுபத்தியால் இறுகிய கம்பிகள்

எங்கள் வீடு காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடக்கிற தூரம். போன வருடம் மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து கிளாஸ்டர் கிளாடியேட்டர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கட்டினேன். நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு. இறக்கை முனைக்கு முனை 13.6 சென்டிமீட்டர்தான், விரித்த கையில் உட்கார்ந்துவிடும். நிஜ விமானம் 1934-இல் முதன்முதலாகப் பறந்தது, 1937-இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது. அவர்களுடைய கடைசி இரட்டை இறக்கைப் போர் விமானம் அதுதான். 4 துப்பாக்கி, மூடிய காக்பிட் என்று புதுசாக நிறைய இருந்தும், இறக்கைகளைப் பிடித்து நிறுத்துவது பழையபடி கம்பிகள்தான்.

ஒட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. வெள்ளி நிறம் மட்டும் படுத்தியது. ஐப்பசி மழை ஈரத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தேன், காய்ந்ததும் வெளுத்துப் பூத்துவிட்டது. வெயில் வந்த பிறகு மறுபடியும் அடித்தேன். சரி, அது போகட்டும்.

கம்பிக்கு முதலில் வாங்கியது தங்கூஸ், மீன் பிடிக்கிற நைலான் நரம்பு. எங்கள் தெருவில் அதற்குப் பஞ்சமா! ஆனால் 0.3 மில்லிமீட்டர் நரம்பை 72 மடங்காக்கினால் 2 சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. விமானத்தைத் தாம்புக்கயிற்றால் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. அடுத்து அம்மாவின் சீப்பிலிருந்து எடுத்த முடி. தடிமன் கனகச்சிதம். சாமணத்தால் பிடித்து, சூப்பர் க்ளூ வைத்து, விறைப்பாக ஒட்டிவிட்டுத் தூங்கினேன். காலையில் எல்லாம் தொய்ந்து கிடந்தன. ஈரக்காற்றில் தலைமுடி நீளும். காற்றின் ஈரத்தை அளக்கும் பழைய கருவியே முடியை வைத்துத்தான் செய்தார்கள். கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு இது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் விமானத்தைக் காட்டினேன். கண்ணுக்கு அருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இந்தக் கயிறு மேல போறப்ப றெக்கைய இழுத்துப் புடிக்கும். கீழ நிக்கறப்ப றெக்கை தொங்கிடாதா? அதுக்குக் கயிறு எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடியிலிருந்து மேல் இறக்கைக்குப் போகும் கம்பிகளை மட்டும்தான் கட்டியிருந்தேன். மேலேயிருந்து கீழ் இறக்கையின் வெளிப்பக்கத்துக்கு இறங்கி, தரையில் நிற்கும்போது எடையைத் தாங்குகிற கம்பிகளை விட்டேவிட்டேன். பக்கவாட்டுப் புகைப்படத்தில் பெருக்கல் குறி மாதிரி தெரிந்ததை எதிர்ப்பக்கத்து இறக்கையின் கம்பி என்று நினைத்துவிட்டேன். விமானத்தை அருகில் பார்த்தேயிராத மனுஷர், பாய்மரம் கட்டிய கை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது.

முடியை எல்லாம் பிய்த்துவிட்டு, பாகங்கள் வந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திக்கு மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து மெதுவாக இழுத்தேன். நூல் மாதிரி நீண்டது. சட்டென்று இழுத்தால் அறுந்துவிடும். பத்துக்கு நாலுதான் தேறியது. அதை அளந்து வெட்டி ஒட்டிய பிறகு, பற்றவைத்த ஊதுபத்தியைத் தொடாமல் அருகே கொண்டுபோனால், தொய்ந்த இழை சுருங்கி விறைத்துக்கொள்ளும். கொஞ்சம் நெருங்கிவிட்டால் போச்சு, நடுவில் உருகி இரண்டாகிவிடும். எனக்கு மூன்று அப்படிப் போனது.

ஊதுபத்தி மெல்லியதாக இருக்கட்டும். தடித்த வாசனைப் பத்தியின் சாம்பல் வெள்ளி நிறத்தில் விழுந்தால் துடைக்கத் துடைக்கக் கறுக்கிறது. அம்மா இப்போது சாமி மாடத்துப் பத்திகளை எண்ணி வைக்கிறார்.