பாட்டியின் குரலைப் பதிவு செய்ய வழி சொல்லுங்கள்

நண்பர்களே, போன மாதம் எழுத்தாளர் அம்பையின் பேச்சை நேரில் கேட்கக் கிடைத்தது. பதினைந்து வருடமாக அவர் கதைகளை வாசிக்கிறேன். எண்பதைத் தாண்டிய வயதில் அந்தத் தெளிவைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் 1988இல் மும்பையில் அவர் தொடங்கிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம் பெண்களின் வாழ்க்கையை அவர்கள் குரலிலேயே பதிந்து வைக்கிறது. கடிதம், புகைப்படம் எல்லாம் அங்கே ஆவணம்தான்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்தேன். பால் கணக்கு எழுதிய நோட்டு, ஓரத்தில் பென்சிலால் போட்ட புள்ளிக் கோலங்கள், மஞ்சள் கறை. தாளைத் தொட்டாலே உதிர்கிறது.

பாட்டிக்கு 84 வயது. கீரை ஆயும்போது ஊர்க்கதை தானாக வரும். போனில் ரெக்கார்டரைப் போட்டால் மட்டும், "என்கிட்ட சொல்ல என்னடி இருக்கு" என்று வாயை மூடிக்கொள்கிறார்.

இதைச் செய்த அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள். பேச்சை எங்கிருந்து தொடங்குவது? கல்யாணத்துக்கு முந்தைய நாட்களைக் கேட்டால் கண் கலங்குகிறார். அங்கே நிறுத்திவிடுவதா, கூடவே அமைதியாக இருப்பதா? இதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஃபேன் சத்தம் விழாமல் பதிய சட்டையில் மாட்டும் மைக் போதுமா? அப்புறம் அந்த நோட்டு: ஸ்கேன் செய்ய விரித்தால் தையல் விட்டுவிடும் போல இருக்கிறது. மதுரைப் பக்கம் பழைய தாள்களைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தை மாதத்துக்குள் தொடங்கிவிட ஆசை. பாட்டிக்குக் காது மெல்ல மந்தமாகி வருகிறது.