வெளிநாட்டில் சிக்கலில் மாட்டியபோது நம் தூதரகம் என்ன செய்தது? அனுபவங்களைப் பகிருங்கள்

பொங்கோல்வாசி:

மகள் அடுத்த மாதம் மேற்படிப்புக்காக வெளிநாடு கிளம்புகிறாள். ஏதாவது அவசரம் என்றால் சிங்கப்பூர்த் தூதரகத்துக்குப் போ என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அங்கே எதைச் செய்வார்கள், எதைச் செய்ய மாட்டார்கள் என்று அவள் துருவித் துருவிக் கேட்டபோது முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் சொன்னால் அவளைப் போலக் கிளம்பும் பிள்ளைகளுக்கு உதவும்.

2020 மார்ச்சில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று குடும்பத்தோடு தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தோம். விமானங்கள் நின்றன. 25ஆம் தேதி இந்தியா முழுக்க ஊரடங்கு. சென்னையில் உள்ள நம் துணைத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சீக்கிரமே ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். எத்தனை பேர், யாருக்கு என்ன நோய், மருந்து எவ்வளவு கையிருப்பு, பக்கத்தில் எந்த மருத்துவமனை என்று வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் அப்பா இன்சுலின் போடுகிறவர் என்றதும் அதைக் குளிரில் வைக்க வசதி இருக்கிறதா என்று அவராகவே கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பாதி பயம் போனது.

பிறகு சென்னையிலிருந்து சிறப்பு விமானம் ஏற்பாடானது. டிக்கெட் செலவு நம்முடையது, அதில் சலுகை கிடையாது. ஆனால் சென்னைக்குப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு. மாவட்ட எல்லையைத் தாண்டவே பாஸ் வேண்டும். தூதரகம் எங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், கார் எண், டிரைவர் பெயர் எல்லாம் போட்டு முத்திரையோடு ஒரு கடிதம் அனுப்பியது. அதைக் காட்டித்தான் கலெக்டர் ஆபீஸில் பாஸ் வாங்கினோம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஒரு இன்ஸ்பெக்டர் கடிதத்தைக் கார் பானட்டின் மேல் விரித்து, ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டு, பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் முத்திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, “போங்க சார், பத்திரமா போங்க” என்று தடுப்பை நகர்த்தச் சொன்னார்.

சாங்கியில் இறங்கியதும் நேராக ஹோட்டலில் 14 நாள் தனிமை. அந்த அறையில் இருந்தபோது அந்த முத்திரையைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். வரைபடத்தில் ஒரு புள்ளியளவு இருக்கும் நாட்டின் தாளை இன்னொரு நாட்டின் நெடுஞ்சாலையில் நிற்கும் காவலர் மதிக்கிறார் என்றால், அந்த மதிப்பை யாரோ பல வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:

தம்பி, உங்களுக்கு நல்லபடியாக நடந்தது சந்தோஷம். என் அனுபவம் வேறு மாதிரி. மகளிடம் இதையும் அவசியம் சொல்லுங்கள்.

என் கூடப்பிறந்த தம்பி வேலைக்குப் போன இடத்தில் ஒரு சண்டையில் சிக்கிக் கைதானான். எந்த நாடு என்று சொல்ல வேண்டாம். இப்போது அவன் குடும்பம் குழந்தை என்று நன்றாக இருக்கிறான். செய்தி வந்த ராத்திரி நான் வெளியுறவு அமைச்சின் 24 மணி நேர எண்ணுக்கு அழைத்து அழுதேன். எப்படியாவது வெளியே எடுத்துக் கொடுங்கள், நம் அமைச்சர் அவர்கள் அமைச்சரிடம் ஒரு வார்த்தை பேசினால் போதுமே என்று கெஞ்சினேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மேடம், அவரை வெளியே கொண்டுவர எங்களால் முடியாது. அவரைப் போய்ப் பார்க்க முடியும். முறையாக நடத்துகிறார்களா என்று கவனிக்க முடியும். வழக்கறிஞர்களின் பட்டியல் தர முடியும்.”

அன்றைக்கு எனக்கு அது ஆறுதலாகவே இல்லை. கோபம்தான் வந்தது. அப்புறம் நாள்பட நாள்படத்தான் அந்தப் பதிலின் எடை புரிந்தது. தூதரக அதிகாரி சிறைக்குப் போய் அவனைப் பார்த்தார். முகத்தில் காயம் இருக்கிறதா, சாப்பாடு தருகிறார்களா, மொழிபெயர்ப்பாளர் வைத்தார்களா என்று கேட்டார். அம்மா சொன்ன செய்தியை அவனிடம் சொன்னார், அவன் சொன்னதை எங்களிடம் சொன்னார். விசாரணை நாளில் நீதிமன்றத்தில் ஒரு மூலையில் வந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கவில்லை, திறக்கவும் உரிமை இல்லை. ஆனால் ஒரு அரசாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் வழக்கறிஞரே அதைச் சொன்னார். வெளிநாட்டவர் கைதானால் தன் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு, தூதரக உறவுகளுக்கான 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவில் இருக்கிறது என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளுக்கு இந்த ஒன்றையாவது மனப்பாடமாகச் சொல்லி அனுப்புங்கள். கைதானால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்.

ஏன் பேசி விடுவிக்கவில்லை என்ற கேள்வி மட்டும் ரொம்ப நாள் மனதில் கிடந்தது. 1994இல் கார்களுக்குச் சாயம் பூசிய அமெரிக்க இளைஞனுக்கு இங்கே பிரம்படி விதித்தார்கள். அமெரிக்க அதிபர் கிளின்டனே கருணை கேட்டார். ஆறு அடி நான்கானது, ஆனால் அடி நிற்கவில்லை. 2005இல் இங்கே போதைப்பொருள் வழக்கில் ஓர் ஆஸ்திரேலியருக்காக அந்த நாட்டுப் பிரதமர் வரை கேட்டும் மரண தண்டனை நிறைவேறியது. அந்தத் தண்டனைகள் சரியா தப்பா என்று பேச நான் வரவில்லை. எங்கள் மண்ணில் எங்கள் சட்டம் என்று அவ்வளவு பெரிய நாடுகளிடம் சொன்ன நாம், இன்னொருவர் மண்ணில் போய் எங்கள் பிள்ளைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? என் தம்பி தண்டனையை முடித்துவிட்டுத்தான் வந்தான். வழி முழுக்க யாரோ ஒருவர் கூட இருந்தார்.

ஈசூன்காரர்:

நான் எழுதுவது கொஞ்சம் கசப்பாக இருக்கும். அப்பா சுற்றுலாப் போன இடத்தில் மாரடைப்பில் காலமானார். அங்கிருந்த அலுவலகத்தில் ஒருவர் கேட்ட தாள்கள் வேறு, அடுத்த நாள் இன்னொருவர் கேட்ட தாள்கள் வேறு. பிணவறைக்கும் பதிவு அலுவலகத்துக்குமாக நானும் சித்தப்பாவும் அலைந்தோம். துக்கத்தில் இருப்பவனிடம் முதல் நாளே முழுப் பட்டியலைக் கொடுத்திருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதே சமயம் ஒன்று சொல்ல வேண்டும். உடலைக் கொண்டுவரும் செலவைத் தூதரகம் ஏற்காது. மருத்துவமனை பில், ஹோட்டல் பில் எதையும் கட்டாது. அதை எதிர்பார்த்து யாரும் கிளம்ப வேண்டாம். எங்களைக் காப்பாற்றியது அப்பா எடுத்திருந்த பயணக் காப்புறுதி. தூதரகம் கொடுத்த இறுதிச்சடங்கு முகவர் பட்டியல் உபயோகமாக இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

பொங்கோல்வாசி:

அண்ணன், மனசு கனத்துவிட்டது. காப்புறுதி விஷயத்தை இன்றைக்கே பார்க்கிறேன்.

பழைய கப்பல்காரன் (தெம்பனிஸ்):

எழுபதுகளில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் நான். அப்போது துறைமுகத்தில் இறங்கினால் குடிநுழைவு அதிகாரி நம் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் புரட்டுவார். மேலதிகாரியைக் கூப்பிடுவார். சில ஊர்களில் சுவரில் தொங்கும் வரைபடத்தில் நானே போய்க் காட்டியிருக்கிறேன், இதோ மலாயா, அதன் அடியில் இது என்று. உடம்புக்கு முடியாமல் போனால் கப்பல் முகவர்தான் அப்பா அம்மா. நம் தூதரகம் எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும். தொண்ணூறுகளில் அதே துறைமுகங்களில் ஒரு பார்வை, ஒரு முத்திரை, அவ்வளவுதான். இன்றைக்கு 190க்கும் மேற்பட்ட நாடுகளுக்கும் இடங்களுக்கும் முன்கூட்டி விசா எடுக்காமல் போகிறீர்கள். அந்தப் பாஸ்போர்ட்டின் பலம் சும்மா வந்ததில்லை.

1965 ஆகஸ்டில் தனி நாடானோம். செப்டம்பர் 21ஆம் தேதி ஐ.நா.வில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வெளியுறவு அமைச்சர் சி. ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர், அதற்கு முன் பத்திரிகைக்காரர். அமைச்சில் ஆள் கிடையாது. வழக்கறிஞர்களையும் பேராசிரியர்களையும் வியாபாரிகளையும் பிடித்துத்தான் தூதர்களாக அனுப்பினார்கள். இன்றும் பல நாடுகளுக்கு நம் தூதர் அங்கே குடியிருப்பதில்லை. சிங்கப்பூரிலேயே தன் தொழிலைப் பார்த்துக்கொண்டு அவ்வப்போது போய் வருவார். 193 உறுப்பு நாடுகள் உள்ள உலகில் நமக்குச் சுமார் ஐம்பது இடங்களில்தான் அலுவலகம். எல்லா இடத்திலும் திறக்க நமக்குக் கட்டுப்படியாகாது.

அதனால்தான் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறோம் என்பது என் எண்ணம். நான் கடல்காரன், எனக்கு நெருக்கமான உதாரணத்தையே சொல்கிறேன். 1982 டிசம்பரில் ஜமைக்காவில் கையெழுத்தான கடல் சட்ட ஒப்பந்தம். அந்த மாநாட்டின் கடைசிக் கட்டத்தில் தலைமை வகித்தவர் நம் நாட்டுத் தூதர் டாமி கோ. சர்வதேசக் கப்பல் போக்குவரத்து நடக்கும் நீரிணை வழியாக எந்த நாட்டுக் கப்பலும் தடையின்றிக் கடக்கலாம் என்ற உரிமை அதில் எழுதப்பட்டது. மலாக்கா நீரிணையைக் கடக்க ஒவ்வொரு தடவையும் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருந்தால் நம் துறைமுகம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய நாடு கப்பற்படையை அனுப்பும். நம்மிடம் இருப்பது அந்த ஒப்பந்தம்தான்.

1978 கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தபோது வருஷக்கணக்கில் ஐ.நா.வில் எதிர்த்தோம். 1983இல் கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்குள் புகுந்தது அமெரிக்கா, நம் நண்பன். அப்போதும் ஐ.நா.வில் அதற்கு எதிராகவே வாக்களித்தோம். 2022இல் ரஷ்யா உக்ரேனுக்குள் போனபோது நாமே தடைகள் விதித்தோம். கிரெனடா வாக்குதான் எனக்கு இவற்றில் எல்லாம் பெரியது. நண்பனையும் சேர்த்துச் சொன்னால்தானே சட்டம் என்ற பேச்சுக்கு மரியாதை. உட்லண்ட்ஸ் தங்கச்சியின் தம்பிக்குக் கிடைத்த நியாயமான விசாரணையும் அந்த மரியாதையில் சேர்த்திதான் என்று நம்புகிறேன்.

ஜூரோங் தம்பி:

பெரியவர் சொன்ன “ஐம்பது இடம்” விஷயத்துக்கு நேரடி சாட்சி நான். தென்னமெரிக்காவில் நம் தூதரகம் இல்லாத ஒரு நாட்டில் பேருந்து நிலையத்தில் பையோடு பாஸ்போர்ட்டைத் தூக்கிவிட்டார்கள். போனில் இருந்த பாஸ்போர்ட் படம்தான் மிச்சம். அமைச்சின் எண்ணுக்கு அழைத்தேன். முதலில் போலீஸில் புகார் எழுதி நகல் வாங்குங்கள், பாஸ்போர்ட் தொலைந்ததை உடனே தெரிவியுங்கள், அது செல்லாததாகிவிடும், ஊர் திரும்ப அடையாள ஆவணம் ஒன்று தருகிறோம் என்றார்கள்.

போலீஸ் நிலையத்தில் ஸ்பானிஷ் தவிர ஒரு வார்த்தை எடுபடவில்லை. அங்கே எனக்கு உதவியது மலேசியத் தூதரகம். ஒரு அம்மா, நடுத்தர வயது, என் அருகிலேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல ஸ்பானிஷில் சொன்னார். திருடுபோன நேரத்தைப் போலீஸ்காரர் தப்பாக எழுதியதைக் கண்டுபிடித்துத் திருத்த வைத்தார். ஏன் ஒரு சிங்கப்பூரருக்காக இவ்வளவு செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஆசியான் நாடுகள் ஒன்றின் தூதரகம் இல்லாத இடத்தில் மற்றதன் மக்களுக்கு உதவுவது என்று 2018 உச்சநிலை மாநாட்டில் வழிகாட்டு நெறி ஒன்று ஏற்றுக்கொண்டதைச் சொன்னார். அந்த மாநாடு நடந்ததே நம் ஊரில்தான். செய்தியில் பார்த்தபோது அதிகாரிகளின் வெறும் சம்பிரதாயம் என்று தோன்றிய ஒன்று, அங்கே என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அடையாள ஆவணம் ஊர் திரும்ப மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு மிச்சச் சுற்றுலாவைத் தொடர முடியாது. வழியில் எந்த நாட்டில் விமானம் மாறினாலும் அந்த நாடு அதை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா:

கிளம்புமுன் அமைச்சின் இணையத்தளத்தில் பயண விவரத்தைப் பதியச் சொல்லுங்கள், தம்பி. இலவசம்தான். நிலநடுக்கம், கலவரம் என்றால் அந்தப் பட்டியலை வைத்துத்தான் தேடத் தொடங்குவார்கள். 2020 ஜனவரியில் ஊஹானிலிருந்து 92 பேரை ஸ்கூட் விமானத்தில் கொண்டுவந்தார்களே, அதற்கும் யார் எங்கே இருக்கிறார் என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா?

மெல்பர்னிலிருந்து ஒரு வாசகி:

ஒரு சந்தேகம். என் கணவர் ஆஸ்திரேலியர், நான் சிங்கப்பூர்க் குடிமகள். குழந்தைக்கு இரண்டு பாஸ்போர்ட்டும் இருக்கலாமா? வேறொரு நாட்டுக்குப் போய் ஏதாவது ஆனால் எந்தத் தூதரகம் பொறுப்பு?

பழைய கப்பல்காரன் (தெம்பனிஸ்):

என் பேத்தி விஷயத்தில் இதையெல்லாம் விசாரித்தோம் அம்மா. 2004 மே 15 அன்றோ அதற்குப் பிறகோ வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் வழியாகவும் நம் குடியுரிமை கிடைக்கும். அதற்கு முன் தகப்பன் வழியாக மட்டும்தான். பிறந்த ஓராண்டுக்குள் பதிந்துவிடுங்கள். வயது வரும்வரை இரண்டும் இருக்கலாம். நம் குடியுரிமையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 21 முடிந்ததும் 22 நிறைவதற்குள் மற்றதை விட்டு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும்.

மூன்றாவது நாட்டுக்குப் போகும்போது எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டி நுழைகிறீர்களோ, அந்த நாட்டுக்காரராகத்தான் உங்களைப் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டில் நுழைந்துவிட்டு நம் தூதரகத்துக்கு அழைத்தால் அவர்கள் கையைக் கட்டிப்போட்டது போல ஆகிவிடும். பிள்ளையாண்டான் என்றால் ராணுவம் முதலியவற்றில் கட்டாயமாகச் செய்யும் தேசிய சேவையும் உண்டு, 13 வயதிலிருந்தே வெளிநாட்டில் தங்க அனுமதி வாங்கும் விதிகள் தொடங்கிவிடும். அதை இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.