கிரெட்டா டீசலா, கிராண்ட் விட்டாரா ஹைபிரிடா?

கோபி:
வணக்கமுங்க. அப்பா அம்மாவோடு ஐந்து பேர். வாரநாளில் கோயமுத்தூருக்குள் ஓட்டம், அப்புறம் மாமனார் வீடு வால்பாறை, ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறியாக வேண்டும். ஹூண்டாய் கிரெட்டா டீசல், மாருதி கிராண்ட் விட்டாரா ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ளது), இந்த இரண்டு காரில் எதை எடுக்கலாம்?

பொள்ளாச்சி:
மலைக்கு டீசல்தானுங்க. 250 நியூட்டன் மீட்டர் இழுவை குறைந்த ஆர்பிஎம்மிலேயே (எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே) கிடைப்பதால், ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பி ஏறும்போது வண்டி திணறாது. ஹைபிரிடில் பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கி 265 லிட்டர்தான், கிரெட்டாவில் 433. ஐந்து பேர் பை எங்கே வைப்பீங்க?

ஈரோடு:
டிக்கி விஷயம் சரிதான். ஆனால் வாரநாள் ஓட்டத்தை யோசிங்க. அவினாசி ரோடு நெரிசலில் ஹைபிரிட் பல நேரம் மோட்டாரிலேயே நகரும், மலை இறங்கும்போது சார்ஜும் ஏறும். டீசலை டவுனுக்குள் கொஞ்சதூரமாகவே ஓட்டினால் டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைக்கும், அவ்வப்போது ஹைவேயில் விட்டு ஓட்டணும். ஹைபிரிடுக்குக் கம்பெனி சொல்லும் லிட்டருக்கு 27.97 கி.மீ. மைலேஜ் கையில் வராது, ஆனாலும் சாதா பெட்ரோல் வண்டியைவிட நன்றாகவே தரும்.

கோபி:
கோபிச்செட்டிபாளையத்திலிருந்தே தினமும் கோயமுத்தூருக்குப் போய்வருகிறேன், அதனால் ஹைவே ஓட்டம் இருக்குதுங்க.

பொள்ளாச்சி:
அப்படின்னா டீசலே எடுங்க. அதற்கு முன்னால் அப்பா அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஒரு டெஸ்ட் டிரைவ் போங்க, ஏறி இறங்க முட்டி வலிக்காத வண்டிதான் முக்கியம்.