செஸ் ரேபிட்டில் ஒரு வருடமாக 1400 ரேட்டிங்கிலேயே நிற்கிறேன், என் பலவீனம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பூர்_சிப்பாய்:
வணக்கம். வயது 34, ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். லாக்டவுன் சமயத்தில் ஆட ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் 10 நிமிட ரேபிட், இன்க்ரிமெண்ட் (ஒவ்வொரு மூவுக்கும் கூடும் நேரம்) இல்லாமல், தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு நாலைந்து ஆட்டம். போன தீபாவளிக்கு ரேட்டிங் 1410, இன்றைக்கு 1420. நடுவில் 1490 வரை போனது, ஒரே வாரத்தில் பழையபடி இறங்கிவிட்டது.

எனக்குப் புரியாதது என்னவென்றால், பஸில் (ஒரு நிலையைக் கொடுத்துச் சரியான மூவைக் கண்டுபிடிக்கச் சொல்வது) ரேட்டிங் 1950 இருக்கிறது. பஸிலில் பார்க்கத் தெரிகிற விஷயம் ஆட்டத்தில் ஏன் கண்ணில் படமாட்டேன் என்கிறது? ஓப்பனிங் (ஆட்டத்தின் ஆரம்ப மூவ்கள்) வெள்ளையில் லண்டன், கறுப்பில் கேரோ-கான் ஆடுகிறேன். ஓப்பனிங்தான் பிரச்சினை என்று நினைத்து, கறுப்பில் சிசிலியன் என்ற வேறு ஓப்பனிங்குக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். நல்ல கோர்ஸ் எதுவென்று யாராவது சொல்லுங்கள், இல்லை வேறு எங்கே ஓட்டை என்று பார்க்க வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

எட்டாவது_வரிசை:
சிசிலியன் நல்ல ஐடியாதான் ப்ரோ, எனக்கு அது 100 பாயிண்ட் ஏற்றிவிட்டது. ஆனால் வரிசைகள் ஏகப்பட்டது, மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

பயிற்சிப்பலகை:
தம்பி, கோர்ஸ் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நான் பதினொரு வருடமாகப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். தோற்றவர்கள் முதலில் பழி போடுவது ஓப்பனிங் மேல்தான், தோற்ற ஆட்டங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் கதை வேறாக இருக்கும்.

கடைசியாகத் தோற்ற 30 ஆட்டங்களை எடுங்கள். ஜெயித்ததெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொன்றிலும் 12-வது மூவ் முடிந்தபோது எஞ்சின் (செஸ் ஆடும் கம்ப்யூட்டர் நிரல்) கணக்கில் யார் மேலே, ஆட்டம் எந்த மூவில் கவிழ்ந்தது, அந்த மூவுக்கு எத்தனை விநாடி எடுத்தீர்கள், கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது, இந்த நான்கை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் அனாலிசிஸ் கொடுத்தால் ஒவ்வொரு மூவுக்கும் எடுத்த நேரம் வரைபடமாகவே வரும். நீங்கள் கணக்குப் பார்ப்பவர், இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்காது.

திருப்பூர்_சிப்பாய்:
இரண்டு ராத்திரி ஆட்டமே ஆடாமல் உட்கார்ந்து எடுத்தேன் அக்கா.

12-வது மூவில் தெளிவாக மோசமாக இருந்தது 5 ஆட்டம்தான். 16-இல் சமம், 9-இல் நான்தான் மேலே. அந்த 25 ஆட்டங்களில் ஒரே மூவில் காயைச் சும்மா கொடுத்தோ மேட் வாங்கியோ தோற்றது 13, நேரம் தீர்ந்து 7, எண்ட்கேமில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) சொதப்பியது 5.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது இதில்தான்: அந்த 13-இல் 9 மூவ் ஐந்து விநாடிக்குள் ஆடியது, அத்தனையிலும் கடிகாரத்தில் நாலு நிமிடத்துக்கு மேல் இருந்தது. 6 ஆட்டத்தில் நான் எதிராளியின் காயையோ சிப்பாயையோ ஜெயித்த அடுத்த ஐந்து மூவுக்குள்ளேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

பயிற்சிப்பலகை:
இதைத்தான் எதிர்பார்த்தேன். இப்போது உங்களை நீங்களே படிக்கலாம்.

முதலில் உங்கள் பலம். 30 தோல்வியிலும் 25-இல் ஓப்பனிங் தாண்டி நல்லபடியாக வெளியே வந்திருக்கிறீர்கள், 9-இல் எதிராளியை அமுக்கியும் விட்டீர்கள். தாக்குதல் வாசனை உங்களுக்கு இருக்கிறது. அதனால் லண்டனையும் கேரோ-கானையும் தொடாதீர்கள்.

பஸில் 1950, ஆட்டம் 1420 ஏன் என்று கேட்டீர்கள். பஸில் திறக்கும்போதே 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று யாரோ காதில் சொல்லிவிடுகிறார்கள், அதனால் தேடுகிறீர்கள். ஆட்டத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை. அதோடு பஸிலில் பெரும்பாலும் அடிப்பது நீங்கள், அடி வாங்குவது எதிராளி. எதிராளி உங்களுக்கு என்ன செய்யப்போகிறான் என்று பார்க்கும் பழக்கத்தை அது அவ்வளவாக வளர்க்காது. உங்கள் 13 ஆட்டமும் அந்த இடத்தில்தான் போயிருக்கிறது.

ஒரு பழக்கம்தான் மருந்து. எதிராளி மூவ் வைத்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். அவனுக்கு என்ன செக் இருக்கிறது, எதை வெட்டலாம், எதை மிரட்டுகிறான் என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், வீட்டில் சிரித்தாலும் பரவாயில்லை. அப்புறம் உங்கள் மூவைத் தீர்மானித்துவிட்டு, அதை வைத்தால் அவனுக்குப் புதிதாக இந்த மூன்றில் ஏதாவது கிடைக்கிறதா என்று இன்னொரு முறை. குறிப்பாகக் காய் ஜெயித்த உடனே. அந்த நேரத்தில் மனசு ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது, எதிராளியோ அப்போதுதான் முழு வீச்சில் தேட ஆரம்பிக்கிறான்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். 10 நிமிடத்தை விட்டுவிட்டு 15 நிமிடம், மூவுக்கு 10 விநாடி இன்க்ரிமெண்ட் என்று மாறுங்கள். நேரம் தீர்ந்து தோற்ற 7 ஆட்டத்தில் பாதிக்கு மேல் அதிலேயே சரியாகிவிடும்.

எண்ட்கேமில் போன ஐந்தில் ஒன்றை அனுப்புங்கள், பார்க்கிறேன்.

திருப்பூர்_சிப்பாய்:
இது தோல்விக் கணக்கில் வராது, டிரா ஆனது, ஆனால் இன்னும் மனசில் உறுத்துகிறது. நான் வெள்ளை. ராஜா இ4, சிப்பாய் டி4, யானை ஏ5 (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை). எதிராளிக்கு ராஜா இ7, யானை டி6, வேறு ஒன்றும் இல்லை. ஒரு சிப்பாய் அதிகம், யானைகளை மாற்றினால் சுலபம் என்று யானையை டி5-இல் வைத்தேன். வெட்டினான், ராஜாவால் வெட்டினேன், அவன் ராஜாவை டி7-க்குக் கொண்டுவந்தான், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

பயிற்சிப்பலகை:
நல்ல உதாரணம், பலகையில் வைத்துப் பாருங்கள். கடைசியில் உங்கள் ராஜா டி5, சிப்பாய் டி4, அவன் ராஜா டி7, ஆட வேண்டியது நீங்கள். ராஜாவை இ5-க்கு நகர்த்தினால் அவன் இ7, சி5-க்குப் போனால் அவன் சி7. எந்தப் பக்கம் போனாலும் நேருக்கு நேர் வந்து நிற்பான். சுத்தமான டிரா.

இப்போது யானையை டி5-க்குப் பதிலாக ஏ7-இல் வைத்து செக் கொடுத்திருந்தால்? அவன் யானையை டி7-இல் குறுக்கே வைத்தான் என்று வையுங்கள். யானையை வெட்டுகிறீர்கள், ராஜாவால் வெட்டுகிறான், நீங்கள் ராஜாவை டி5-இல் வைக்கிறீர்கள். காய்கள் நிற்கும் இடம் அச்சு அசல் அதேதான், ஆனால் ஆட வேண்டியது அவன். சி7-க்குப் போனால் நீங்கள் இ6, இ7-க்குப் போனால் நீங்கள் சி6, சிப்பாய் ராணியாகிவிடும். அவன் டி7-இல் வைக்காமல் ராஜாவை நகர்த்தினால் ஆட்டம் நீளும், அவ்வளவுதான், உங்களுக்கு நஷ்டம் இல்லை. யானைகளை மாற்றுவதற்கு முன் மாற்றி முடிந்ததும் யார் முறை என்று விரல் விட்டு எண்ணியிருந்தால் அந்த அரை பாயிண்ட் போயிருக்காது.

இது நமக்கு மட்டும் நடப்பதில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் டிரா செய்துவிடக்கூடிய நிலையில்தான் இருந்தார். 55-வது மூவில் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். எதிரே ஆடிய குகேஷ் யானையை வெட்டிவிட்டு, மூலையில் நின்ற டிங்கின் பிஷப்பையும் மாறியே ஆக வேண்டும் என்று வைத்தார். மிச்சம் இருந்தது ராஜாவும் சிப்பாயும், அது தோற்ற நிலை. 18 வயதில் பட்டம் வந்தது அந்த ஒரு மாற்றத்தில்தான்.

கறுப்புக்குதிரை:
அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஓப்பனிங்கில் போன அந்த 5 ஆட்டத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள் சார். ஐந்தும் ஐந்து விதமா, இல்லை ஒரே இடமா? எனக்கு இப்படித்தான் ஒரே பள்ளத்தில் ஆறு தடவை விழுந்திருந்தேன், தெரியவே இல்லை.

திருப்பூர்_சிப்பாய்:
இப்போதுதான் பார்த்தேன், 4 ஆட்டம் ஒரே இடம்! கேரோ-கானில் இ4 சி6, டி4 டி5, இ5 என்று தள்ளுகிறார்கள், நான் பிஷப்பை எஃப்5-இல் வைக்கிறேன், அவர்கள் ஹெச்4. நான் பழக்கத்தில் இ6 ஆடுகிறேன்.

கறுப்புக்குதிரை:
அதேதான் சார். அடுத்து ஜி4 வரும், பிஷப் இ4-க்கு ஓடினால் எஃப்3, ஜி6-க்குப் போனால் ஹெச்5, பிஷப் அவுட். ஹெச்4 பார்த்ததும் நீங்கள் ஹெச்5 தள்ளிவிடுங்கள், ஹெச்6 வைத்தாலும் பிஷப் திரும்பி வர வழி இருக்கும். மூன்று மாத கோர்ஸ் வேலை ஒரு சிப்பாயில் முடிந்தது.

எட்டாவது_வரிசை:
நான் சிசிலியன் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு கேள்வி அக்கா, ஆட்டம் முடிந்ததும் எஞ்சின் பட்டன் அழுத்திப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன், அது போதாதா?

பயிற்சிப்பலகை:
போதாது. எஞ்சின் சரியான மூவைக் காட்டும், நீங்கள் ஏன் தப்பான மூவை வைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. முதலில் எஞ்சின் இல்லாமல் ஆட்டத்தை ஓட்டி, கவிழ்ந்த இடம் இது என்று நீங்களே குறித்து, அப்போது மனசில் என்ன ஓடியது என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள். குகேஷுக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்த விஷ்ணு பிரசன்னா அவரை வெகுகாலம் எஞ்சின் பக்கமே விடவில்லை. நமக்கு அவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம், பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் போதும்.

தம்பிக்கு இன்னும் ஒன்று. ராத்திரி இரண்டு ஆட்டத்தோடு நிறுத்துங்கள். 1490-இலிருந்து இறங்கிய அந்த வாரத்தைத் திறந்து, தோற்ற அடுத்த நிமிடமே எத்தனை ஆட்டம் ஆரம்பித்தீர்கள் என்று எண்ணுங்கள். எனக்கு விடை தெரியும், நீங்களும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

திருப்பூர்_சிப்பாய் (ஒரு மாதம் கழித்து):
அந்த வாரம் 41 ஆட்டம் ஆடியிருக்கிறேன். அதில் 17 ஆட்டம் தோற்ற உடனே ஆரம்பித்தது.

15+10-இல் இதுவரை 38 ஆட்டம். முதல் பத்து நாள் 1380-க்கு இறங்கியது, பயந்துவிட்டேன், இப்போது 1455. காயைச் சும்மா கொடுத்துத் தோற்றது 3 தான். கையை மவுஸிலிருந்து எடுப்பதுதான் இன்னும் வரவில்லை, அதனால் ஆடும்போது இடது கையில் ஒரு சிப்பாயைப் பிடித்துக்கொண்டு, செக், வெட்டு, மிரட்டல் சொல்லி முடித்த பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுகிறேன். என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து 'அப்பா, சொல்லவே இல்லை' என்று பிடிக்கிறாள்.

இப்போது தோல்வி பெரும்பாலும் யானை எண்ட்கேமில்தான். ஒரு சிப்பாய் குறைவாக இருக்கும்போது எப்படி நிற்பது என்றே தெரியவில்லை.

பயிற்சிப்பலகை:
ரொம்ப சந்தோஷம் தம்பி, பெண்ணையும் விடாமல் உட்கார வையுங்கள். யானை எண்ட்கேமில் முதலில் ஃபிலிடோர் நிலை, ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவர் டிரா செய்யும் வழி. உங்கள் ராஜா சிப்பாய்க்கு முன்னால் கடைசி வரிசையில், உங்கள் யானை உங்கள் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிற்க வேண்டும், எதிராளி ராஜாவை அந்த வரிசைக்குள் விடக்கூடாது. அவன் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளிய உடனே யானையைப் பலகையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருங்கள், ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது. இந்த வாரம் இதை எஞ்சினோடு இருபது தடவை ஆடிப் பாருங்கள், சிப்பாய் அதிகம் இருப்பவர் ஜெயிக்கும் லூசெனா நிலை அடுத்த வாரம்.

திருப்பூர்_சிப்பாய்:
சரி அக்கா. இன்று ராத்திரியே பலகையை எடுத்து வைக்கிறேன், எஞ்சினுக்குப் பதில் பெண்ணே வெள்ளை ஆடுகிறேன் என்கிறாள்.